தேடுபொறி

தேடு, பொறி இரண்டும் சேர்ந்த வினைத்தொகை: தேடிய பொறி, தேடுகின்ற பொறி, தேடும் பொறி. இதில் பொறிக்கு வயது அதிகம். சீவக சிந்தாமணியில் விசயையைச் சுமந்து பறப்பது மயிற்பொறி. தீப்பொறி, ஐம்பொறி, எலிப்பொறி எல்லாம் அதே சொல்தான். 'எந்திரம்' கையருகே இருந்தும் இதை எடுத்தவரின் காது நல்ல காது. ஒன்றைத் தேடப் போய் இரவு பன்னிரண்டு மணிவரை மாட்டிக்கொள்பவருக்கு மட்டும் எலிப்பொறி நினைவு வரும்.

'செம்பாக்கம் ஏரி' என்று தேடிப் பாருங்கள். தாம்பரம் பக்கத்து ஊரோடு, திருப்போரூர்ப் பக்கத்துச் செம்பாக்கமும் வந்து நிற்கலாம். பெயரை மேற்கோள் குறிக்குள் இட்டு, தாம்பரம் என்று சேர்த்து, திருப்போரூருக்கு முன்னால் இடைவெளியில்லாமல் ஒரு கழித்தல் குறி போட்டால் கூட்டம் குறையும். பழைய செய்திகளுக்கு 'செம்பாக்கம் நகராட்சி' என்றும் கேட்க வேண்டும். தாம்பரம் மாநகராட்சியில் அது சேர்ந்தது 2021-இல்தான்.

நூலகத் தரவுத்தளத்தின் பழக்கம் வேறு. தரமணி ரோஜா முத்தையா நூலகத்தில் பழைய பதிப்பு தேடுகிறவர் ஆசிரியர், தலைப்பு என்று பிரித்துக் கேட்பதே நல்லது. அங்கே கிடைப்பது யாரோ நூலைப் புரட்டிப் பார்த்துப் பதிந்த குறிப்பு. பொறித்தல் என்றால் எழுத்தைப் பதித்தல் என்றும் பொருள்.