கூச்சப்பட்ட காந்தி

மேடையில் ஏறி நாலு வார்த்தை பேசச் சொன்னால் கை கால் நடுங்குகிறதா? எழுதி வைத்த தாளைப் பார்த்துப் படிக்கக் கூட முடியாமல் கண் இருட்டிக் கொண்டு வருகிறதா? அப்படிப்பட்ட கூச்ச சுபாவிகளுக்குத் துணையாக ஒரு பெரிய மனிதர் இருக்கிறார். அவர் படம் நம் ரூபாய் நோட்டிலேயே இருக்கிறது!

ஸ்ரீவில்லிபுத்தூர், ராஜபாளையம், கான்சாபுரம் பக்கத்துக்காரர்களுக்கு மதுரை அடிக்கடி போய் வருகிற ஊர். அங்கே மேலமாசி வீதியில் ஒரு காதி கடை இருக்கிறது. 1921 செப்டம்பரில் காந்தி தங்கியிருந்த வீடு அது. செப்டம்பர் 22ம் தேதி சட்டையையும் தொப்பியையும் விட்டுவிட்டு, இடுப்பில் ஒரு சிறிய வேட்டியோடு அவர் வெளியே வந்தது அந்த ஊரில்தான். லண்டனில் கோட்டும் சூட்டும் போட்டுத் திரிந்த ஒரு பாரிஸ்டர், ஆயிரக்கணக்கான பேர் முன்னால் அப்படி வந்து நின்றார் என்றால், கூச்சம் என்பதே தெரியாத ஆளாக இருந்திருப்பார் என்றுதான் தோன்றும்.

உண்மை நேர் எதிர்!

பள்ளிக்கூட மணி அடித்ததும் காந்தி வீட்டுக்கு ஓடியே விடுவார். யாராவது பேச்சுக் கொடுத்து விடுவார்களோ, கேலி செய்வார்களோ என்று பயம். பேய்க்குப் பயம், திருடனுக்குப் பயம், பாம்புக்குப் பயம். விளக்கு இல்லாமல் தூங்க மாட்டார். பதிமூன்று வயதில் கல்யாணம் ஆகி விட்டது. பக்கத்தில் இருந்த கஸ்தூர்பாவுக்கோ இருட்டு என்றால் ஒரு பயமும் கிடையாது. அந்த வெட்கத்தில் தன் பயத்தை மனைவியிடம் கூடச் சொல்லாமல் மறைத்தார். கையெழுத்தும் மோசம். அதை நினைத்துக் கடைசி வரை வருத்தப்பட்டார்.

1888ல் கப்பலேறி லண்டனுக்குப் போனார். கத்தி, முள்கரண்டி பிடிக்கத் தெரியாது. எந்தப் பண்டத்தில் மாமிசம் இல்லை என்று பணியாளரிடம் கேட்கவும் கூச்சம். அதனால் சாப்பாட்டு மேஜைக்கே போகாமல், ஊரிலிருந்து கொண்டு போன இனிப்பையும் பழத்தையும் அறையிலேயே தின்று நாட்களைக் கடத்தினார்.

லண்டனில் சைவ உணவுக்காரர்களின் சங்கத்தில் நிர்வாகக் குழு உறுப்பினர் ஆனார். ஆனால் கூட்டங்களில் வாயே திறக்க மாட்டார். டாக்டர் அல்லின்சன் என்பவரை அவருடைய கருத்துகளுக்காகச் சங்கத்தை விட்டு நீக்கும் பேச்சு வந்தது. அது தவறு என்று காந்திக்குத் தோன்றியது. எழுதியும் கொண்டு போனார். படிக்கத்தான் தைரியம் வரவில்லை. வேறொருவர் வாசிக்க வேண்டியிருந்தது. அல்லின்சன் பக்கம் தோற்றது. இன்னொரு ஊரில் ஒரு பக்கப் பேச்சை எழுதி வைத்திருந்தும் உடம்பு நடுங்கியது. கூடப் போன நண்பர் வாங்கிப் படித்தார். 1891ல் ஊர் திரும்பும் முன் தானே கொடுத்த விருந்தில் நகைச்சுவையாகப் பேச ஒரு கதையை யோசித்து வைத்திருந்தார். முதல் வாக்கியத்தோடு மறந்து போயிற்று. நன்றி சொல்லி உட்கார்ந்து விட்டார்.

வக்கீலாகத் திரும்பியவருக்கு பம்பாய் சிறு வழக்கு நீதிமன்றத்தில் முதல் வழக்கு. கட்டணம் 30 ரூபாய். குறுக்கு விசாரணைக்கு எழுந்தார். தலை சுற்றியது. ஒரு கேள்வியும் வரவில்லை. வேறு வக்கீலை வைத்துக் கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டு வெளியேறினார். கூச்சம் ஒரு அழகு என்றெல்லாம் சொல்லி விட முடியாது. அதற்கு விலையும் உண்டு. இங்கே தொழிலே போகும் நிலை!

பிறகு எப்படிப் பேசினார்?

1893ல் தென்னாப்பிரிக்கா போனார். பிரிட்டோரியாவில் இந்திய வியாபாரிகளைக் கூட்டி, தொழிலில் உண்மை வேண்டும் என்று பேசினார். தன் வாழ்க்கையின் முதல் பொதுப் பேச்சு என்று அவர் குறிப்பிடுவது இதைத்தான். அதோடு கூச்சம் ஓடிப் போனதா? இல்லை. 1896ல் பம்பாய்க் கூட்டத்தில் மறுபடியும் குரல் நடுங்கி, அவர் பேச்சை வாச்சா படித்து முடித்தார்.

அதே வருடம் அக்டோபர் 26ல் சென்னை பச்சையப்பன் மண்டபத்தில் இன்னொரு கூட்டம். நீளமான பேச்சு. ஆனாலும் கூட்டம் ஒவ்வொரு வார்த்தையையும் கவனித்துக் கேட்டு உற்சாகத்தில் பொங்கியது. காரணம் பாலசுந்தரம் என்ற தமிழர். நேட்டாலில் ஒப்பந்தக் கூலியாக இருந்தவர். முதலாளி அடித்ததில் முன்பல் இரண்டு உடைந்து, வாயில் ரத்தத்தோடு, முண்டாசைக் கையில் பிடித்தபடி காந்தியிடம் வந்தார். வெள்ளைக்காரரைப் பார்க்கப் போனால் தலைப்பாகையைக் கழற்ற வேண்டும் என்பது அங்கே கூலிகள் மேல் சுமத்தப்பட்ட வழக்கம். முண்டாசைக் கட்டிக் கொள்ளச் சொன்னார் காந்தி. தயங்கித் தயங்கிக் கட்டிக் கொண்டார் பாலசுந்தரம். அவர் முகத்தில் தெரிந்த சந்தோஷத்தை காந்தி மறக்கவே இல்லை. டர்பன் நீதிமன்றத்தில் தலைப்பாகையைக் கழற்றச் சொல்லி அவமானப்பட்டவர் அல்லவா அவரும்!

லண்டன் விருந்தில் அவர் மனதில் இருந்தது, நான் எப்படித் தெரிகிறேன் என்ற கவலை. சென்னையில் இருந்தது பாலசுந்தரத்தின் உடைந்த பல். வித்தியாசம் இவ்வளவுதான்.

மதுரையிலும் அப்படித்தான் நடந்தது. உடையைக் குறைக்கும் எண்ணம் முன்பே இரண்டு முறை வந்தும் தயங்கி விட்டிருந்தார். கதர் வாங்க எங்களுக்கு வசதி இல்லை என்று ரயிலில் வந்தவர்கள் சொன்னது மனதை அறுத்தது. அக்டோபர் 31 வரை என்று ஆரம்பித்த கோலம் கடைசி வரை நிலைத்தது. 1931ல் சர்ச்சில் அரை நிர்வாணப் பக்கிரி என்று ஏளனம் செய்தார். அதே வருடம் அதே கோலத்தில் லண்டன் அரண்மனைக்குப் போய் மன்னரைப் பார்த்து விட்டு வந்தார் காந்தி.

இதெல்லாம் நமக்கு எப்படித் தெரியும்? எதிரிகள் யாரும் தோண்டி எடுக்கவில்லை. 1925 முதல் தன் பத்திரிகையிலேயே வாரா வாரம் அவரே எழுதினார். ஓடி ஒளிந்தது, விளக்கு வைத்துத் தூங்கியது, 30 ரூபாய் வழக்கு எல்லாம் அதில் இருக்கிறது. கூச்சத்தைத் தன் கேடயம் என்று சொல்லி ஒரு அத்தியாயமே எழுதினார். கேலிக்கு ஆளானதைத் தவிர வேறு நஷ்டம் இல்லை, வார்த்தைகளைச் சிக்கனமாகச் செலவழிக்கப் பழகினேன் என்பது அவர் கணக்கு. பள்ளியில் கேலிக்குப் பயந்து ஓடிய அந்தப் பையன், வளர்ந்த பிறகு கேலிக்கான விஷயங்களை எல்லாம் தானே ஊருக்குச் சொல்லி விட்டார். அதற்குப் பிறகு யாரால் என்ன கேலி செய்ய முடியும்?

அடுத்த முறை மேடையில் கை நடுங்கினால் நடுங்கட்டும். பேச வந்த விஷயம் யாருக்காக என்பது மட்டும் ஞாபகம் இருந்தால் போதும்.