கலைவாணரின் நகையும் நாதமும்

கலைவாணர் என்.எஸ்.கிருஷ்ணனின் வள்ளன்மையும், மனைவி மதுரம் அம்மையாரோடு அவர் நடித்த படங்களும் நம்மவர் எல்லாரும் அறிந்தவை. அவருடைய நகைச்சுவைக்குள் இருந்த இசையைப் பற்றியே சொல்ல விரும்புகிறேன்.

அந்த இசையின் வேர் பழையது. மெய்ப்பாடுகள் எட்டனுள் நகையைத்தான் தொல்காப்பியர் முதலில் வைத்தார். சிலப்பதிகார அரங்கேற்று காதைக்கு உரை கண்ட அடியார்க்குநல்லார், கூத்து வகைகளைச் சொல்லும்போது கோமாளி ஆடும் விதூடகக் கூத்தையும் மறக்கவில்லை. நம் திருச்சுழியலைப் பாடிய சுந்தரரோ தம்பிரான் தோழர். ஆண்டவனையே எள்ளிப் பாடும் உரிமை பெற்றவர். நகையும் பாட்டும் பக்தியும் தமிழில் ஒரு வயிற்றுப் பிள்ளைகள்.

நம் கரிசல் சீமையின் நாடக மேடையும் இதற்குச் சாட்சி. வள்ளி திருமணம் நாடகம் நடக்கும் இரவில் முதலில் மேடையேறுபவர் கோமாளியான பபூன். ஆர்மோனியத்தோடு பாடி, மிருதங்கத்தோடு மல்லுக்கு நின்று, ஆடிக்காட்டி, சபையைத் தன்வசமாக்கிய பிறகே கதாநாயகனான ராஜபார்ட் வருவார். பாடத் தெரியாதவர் பபூன் ஆக முடியாது.

இந்த மரபின் மகுடம் கலைவாணர். 1908இல் நாகர்கோவில் ஒழுகினசேரியில் பிறந்து, டி.கே.எஸ். சகோதரர்களின் குழுவில் பயின்றவர். நாஞ்சில் நாட்டார் தெய்வக் கதை பாடிய வில்லுப்பாட்டில் காந்தியடிகளின் கதையைப் பாடினார். அறிஞர் அண்ணா கதை வசனம் எழுதிய ‘நல்லதம்பி’ 1949இல் வந்தது. அதில் இடம்பெற்ற கிந்தனார் காலட்சேபத்தை நான் அவருடைய படைப்புகளில் உச்சமாகக் கருதுகிறேன். கோபாலகிருஷ்ண பாரதியின் நந்தனார் சரித்திரத்தில் நந்தன் தில்லையைக் காணத் துடித்தான். நந்தனைப் போலவே தீண்டாமைக்கு ஆளான கிந்தனோ படிக்கத் துடித்தான். பட்டணம் போய்ப் படித்து, கல்வி அதிகாரியாகத் திரும்பினான். பாகவதர்கள் பக்தி வளர்த்த அதே காலட்சேப முறையில், சிரிக்கச் சிரிக்க, தீண்டாமையின் நெஞ்சில் அடித்தார் கலைவாணர். பிரசங்கம் ஆயிரம் கேட்டாலும் இப்படித் தைக்காது.

பத்திரிகையாளர் லட்சுமிகாந்தன் கொலை வழக்கில் அவர் 1944இல் கைதாகி, 1947இல் விடுதலையானார். வெளியே வந்தும் மக்களைச் சிரிக்க வைத்தார். ‘இடுக்கண் வருங்கால் நகுக’ என்று வள்ளுவர் சொன்னதை வாழ்ந்து காட்டியவர் அவர். 1957இல் மறைந்தபோது வயது ஐம்பதுகூட நிரம்பவில்லை.

இந்த மரபு தொடர, நம் அம்மன் கோயில் பங்குனிப் பொங்கல் விழாப் பெரியவர்களுக்கு ஒரு விண்ணப்பம். விழா இரவுகளில் ஒன்றைப் பபூன் கலைஞர்களுக்கும் வில்லுப்பாட்டுக்காரர்களுக்கும் ஒதுக்குங்கள். அவர்களுக்கு நல்ல சன்மானம் கொடுங்கள். நம் பள்ளிப் பிள்ளைகளை முன்வரிசையில் அமர்த்தி, கிந்தன் கதையைப் பாடச் சொல்லுங்கள்.