ஜோடி கட்டுதல்: மைசூர் மற்களமும் வெற்றியின் மரியாதையும்

தசராவுக்குச் சில வாரங்கள் முன்னதாகவே மைசூரில் ஒரு காரியம் நடந்து முடிந்துவிடும். வெளியூரிலிருந்து விளக்கு பார்க்க வருகிறவர்கள் அதைக் காண்பதில்லை. ‘ஜோடி கட்டுவது’ என்று அதற்குப் பெயர். தசரா குஸ்தியில் இறங்க விரும்பும் பயில்வான்கள் பல ஊர்களிலிருந்தும் வந்து தேவராஜ் அர்ஸ் விளையாட்டரங்கில் கூடுவார்கள். இன்னாரோடு இன்னார் மோதுவது என்று அன்று முடிவாகும்.

நான் பார்த்த நாளில் இரண்டு இளைஞர்களை எதிரெதிரே நிறுத்தியிருந்தார்கள். வயதான வஸ்தாதுகள் மூவர் அவர்களைச் சுற்றி வந்தார்கள். ஒருவர் கழுத்தின் கனத்தைக் கண்ணால் அளந்தார். இன்னொருவர் மணிக்கட்டைப் பிடித்துப் பார்த்தார். மூன்றாமவர் எதையும் தொடவில்லை, “எந்தக் குஸ்திக்கூடம்? யாரிடம் பழகினாய்? போன வருஷம் யாரோடு பிடித்தாய்?” என்று மட்டும் கேட்டார். எடைக் கணக்கு இருந்தது. ஆனாலும் எடையோடு பேச்சு நிற்கவில்லை. எத்தனை வருஷம் மண்ணில் புரண்ட உடம்பு, மூச்சு எவ்வளவு நேரம் தாங்கும் என்பதெல்லாம் பேசப்பட்டன. ஒருவன் கொஞ்சம் இளையவன் என்று பட்டதும் அந்த ஜோடியைப் பிரித்து வேறு ஆளைக் கொண்டுவந்து நிறுத்தினார்கள். கடைசியில் இருவர் கைகளையும் சேர்த்து உயர்த்தியபோதுதான் பெயர் எழுதப்பட்டது.

மைசூர் மல்யுத்த மரபின் உயிர்நிலை அந்தக் கைச்சேர்க்கையில்தான் இருக்கிறது என்பது என் துணிபு. வெள்ளிக் கதாயுதமும் பட்டமும் பிறகு வருபவை. சமமில்லாதவனை வீழ்த்தி வந்த வெற்றியை இங்கே ஒருவரும் கொண்டாடமாட்டார்கள். கொண்டாடத் தக்க வெற்றி எது என்பதைப் போட்டிக்கு முன்பே ஊர் கூடி முடிவு செய்துவிடுகிறது.

குஸ்தி பழகும் இடத்தைக் கன்னடத்தில் ‘கரடி மனெ’ என்பார்கள். தெலுங்கில் கரிடி, துளுவில் கரோடி. நம்மிடமும் அந்தச் சொல் இருந்தது. சிலம்பமும் வாள்வீச்சும் பழகும் இடத்துக்குக் கரடிக்கூடம் என்று பழைய தமிழில் பெயர். அகராதியில் இன்றும் பார்க்கலாம். மலையாளத்தின் களரியையும் இந்தக் குடும்பத்தில் சேர்ப்பவர்கள் உண்டு. சொல் நம் நாவிலிருந்து நழுவிப்போனாலும் அந்தக் கூடத்தின் பொருள்கள் நழுவவில்லை. கர்லாக்கட்டை, தண்டால், பஸ்கி, கோதா, பயில்வான், வஸ்தாது என்று நாம் அன்றாடம் சொல்லும் சொற்கள் எல்லாம் அந்த வாசலைத் தாண்டி வந்தவைதான். வஸ்தாது பாரசீக உஸ்தாத். கர்லாக்கட்டையைச் சுழற்றும் கைக்கு மதம் ஒரு தடையாக இருந்ததில்லை என்பதற்கு அந்தச் சொல்லே சாட்சி.

மண்டி மொஹல்லாப் பக்கம் ஒரு கரடி மனைக்குள் ஒருமுறை விடியற்காலையில் போனேன். குனிந்துதான் நுழையவேண்டும், வாசல் அவ்வளவு தாழ்வு. உள்ளே நடுவில் செம்மண் குழி. சுவரில் அனுமார் படம், அதன் கீழே ஒரு அகல். மண்ணில் நல்லெண்ணெயும் மஞ்சள்தூளும் எலுமிச்சைச் சாறும் கலந்திருந்தார்கள். கலவை வீட்டுக்கு வீடு கொஞ்சம் மாறும் என்றார் வஸ்தாது. எண்ணெய் மண்ணை இளக்கி வைக்கும், மஞ்சள் சிராய்ப்பை ஆற்றும். வியர்த்த உடம்பில் பிடி வழுக்கும்போது ஒரு கை மண்ணை அள்ளி எதிராளியின் தோளில் தேய்ப்பார்கள். தனக்குப் பிடி கிடைக்கத் தேய்க்கும் அதே மண், எதிராளிக்கும் பிடி கொடுக்கிறது. பழக வந்த பையன்கள் முதலில் செய்த வேலை மண்வெட்டியால் குழியைக் கொத்திப் புரட்டியது. அரை மணி நேரம் அதுதான். பிடி கற்றுத் தருவது அதற்குப் பிறகு.

இந்த மரபின் வேர் ஆழமானது. கல்யாணிச் சாளுக்கிய மன்னன் மூன்றாம் சோமேசுவரன் 12ஆம் நூற்றாண்டில் எழுதிய ‘மானசோல்லாசம்’ மல்லர்களை வயதாலும் உடலாலும் வலிமையாலும் தரம் பிரித்து, அவர்கள் உணவையும் பயிற்சியையும் விரித்துச் சொல்கிறது. ஜோடி கட்டும் கலைக்கு அப்போதே இலக்கணம் உண்டு என்று பொருள். மைசூரின் மல்லர் குலத்தாரான ஜெட்டிகள் தம்மை ஜ்யேஷ்டிமல்லர் என்பார்கள். ஜெட்டி என்பது ஜ்யேஷ்டியின் திரிபு. குஜராத்தின் மொதேராவைச் சேர்ந்த ஜ்யேஷ்டிமல்லர்களைப் பற்றி ‘மல்ல புராணம்’ என்றொரு வடமொழி நூலே இருக்கிறது. 1964இல் பரோடாவில் பதிப்பிக்கப்பட்டது. நிம்பஜா தேவி அவர்கள் குலதெய்வம். மைசூர் ஜெட்டிகளும் அவளையே வணங்குகிறார்கள்.

ஹம்பியின் மகாநவமி மேடையில் மல்லர் சிற்பங்கள் இருப்பதைப் பார்த்திருப்பீர்கள். 1530களில் விஜயநகரத்தில் இருந்த போர்ச்சுகீசியக் குதிரை வணிகர் பெர்னாவோ நூனிஸ் மகாநவமி விழாவின் மல்யுத்தத்தை எழுதிவைத்திருக்கிறார். எங்கள் நாட்டு முறையைப் போன்றதன்று என்று வியக்கிறார். கையில் முள் வைத்த வளையங்களை அணிந்து அடித்துக்கொள்வார்களாம். அவர் தரும் இன்னொரு செய்தியைப் படித்ததும் நான் புத்தகத்தை மூடி வைத்துவிட்டு வெகுநேரம் யோசித்தேன்: அதிகம் காயம்பட்டவன்தான் போய்ப் பட்டுத்துணியைப் பரிசாகப் பெறுகிறான். இன்று எந்த விளையாட்டு மைதானத்திலும் காண முடியாத முறை இது. அடித்தவனுக்கு அடித்ததே பரிசு. பட்டவனை அரசன் மதிக்கவேண்டும் என்று நினைத்த ஒரு சமூகம் இருந்திருக்கிறது.

1565இல் விஜயநகரம் விழுந்தது. 1610இல் ராஜ உடையார் ஸ்ரீரங்கப்பட்டணத்தில் நவராத்திரி விழாவைத் தொடங்கியபோது, அந்தப் பழைய மகாநவமிதான் காவிரிக்கரைக்கு இடம் மாறியது. முள் வளையமும் கூடவே வந்தது. அதுதான் இன்றைய வஜ்ரமுஷ்டி.

விஜயதசமி அன்று, அரண்மனை முற்றத்தில், ஜம்பூ சவாரி என்னும் யானை ஊர்வலம் கிளம்புவதற்கு முன்னால் வஜ்ரமுஷ்டிப் போர் நடக்கும். மைசூர், பெங்களூர், சன்னபட்டணம், சாமராஜநகர் ஆகிய ஊர்களின் ஜெட்டிகள் இரண்டு ஜோடியாக இறங்குவார்கள். குடுமி மட்டும் விட்டு மழித்த தலை. விரல்களில் கொம்பிலோ தந்தத்திலோ செய்த, முனை துருத்திய கைப்பூண். மண்ணில் நின்று வணங்கிவிட்டுப் பாய்வார்கள். கண் இமைத்தால் தவறிவிடும் அளவுக்குச் சுருக்கமான போர். மழித்த தலையில் எங்கேயாவது ஒரு சிவப்புக் கீற்று தெரிந்ததும் நடுவில் பாய்ந்து பிரித்துவிடுவார்கள். அவ்வளவுதான், முடிந்தது. மேலே ஒரு அடி விழுந்தாலும் அது முறைகேடு. அந்த ரத்தத்துளிக்குப் பிறகுதான் அரச குடும்பத்தின் இன்றைய தலைவர் யதுவீர் புவனேசுவரி கோயிலுக்கு வன்னி மர பூஜைக்குப் புறப்படுவார்.

இதைக் கொடூரம் என்று சொல்கிறவர்களை நான் கேட்டிருக்கிறேன். அவர்கள் கண்ணில் ரத்தம் மட்டும் படுகிறது. எந்த இடத்தில் நிறுத்துவது என்பதை இவ்வளவு துல்லியமாக வகுத்து, நூற்றாண்டுக் கணக்காகக் காத்துவந்த ஒழுங்கு அவர்களுக்குப் படுவதில்லை. கை ஓங்கி நிற்கிறவன் ஓங்கிய கையை இறக்குவது அடிப்பதைவிடக் கடினமான பயிற்சி. கரடி மனையில் பத்து வருஷம் பழகினால்தான் அது கைகூடும்.

தமிழ் வாசகர்களுக்கு இந்த இடத்தில் திருச்சிராப்பள்ளியை நினைவூட்டவேண்டும். மைசூரின் ரணதீர கண்டீரவ நரசராஜ உடையார் 1638இல் பட்டத்துக்கு வந்தவர். அதற்கு முன் இளவரசராக இருந்தபோது நடந்ததாக ஒரு கதையை, மைசூரில் பிரிட்டிஷ் ரெசிடென்ட் ஆக இருந்த மார்க் வில்க்ஸ் 1810இல் வெளியான தம் வரலாற்று நூலில் சொல்கிறார். திருச்சியில் ஒரு பெருவீரன் தன் கச்சையைக் கோட்டை வாசலில் தொங்கவிட்டிருந்தான். மோத வருகிறவர் தவிர மற்றெல்லாரும் அதன் அடியில் தலைகுனிந்து போகவேண்டும். செய்தி கேட்ட கண்டீரவர் மாறுவேடத்தில் போய், அரசவை பார்க்க அவனை வாட்போரில் வீழ்த்திவிட்டு, பாராட்டுக்கும் பரிசுக்கும் நிற்காமல் கூட்டத்தில் மறைந்துவிட்டார். வரலாறு எவ்வளவு, கதை எவ்வளவு என்று பிரிப்பது எளிதன்று. ஆனால் மைசூர் தன் அரசனை எப்படி நினைவில் வைக்க விரும்பியது என்பது தெளிவாக இருக்கிறது: வென்ற பிறகு மாலைக்குக் காத்திராதவனாக. 1960இல் ராஜ்குமார் நடித்த ‘ரணதீர கண்டீரவா’ படத்தால் அந்த நினைவு வீடுதோறும் போய்ச் சேர்ந்தது.

அதே திருச்சியை ஒட்டிய உறையூரின் சோழ இளவரசன் ஒருவன், அதற்கு ஆயிரத்தைந்நூறு ஆண்டுகளுக்கும் முன்னால், ஆமூரில் மற்போர் புரிந்தான். போர்வைக்கோப் பெருநற்கிள்ளி ஆமூர் மல்லனை வீழ்த்தியதைச் சாத்தந்தையார் புறநானூற்றின் 80ஆம் பாட்டில் பாடுகிறார். ஒரு முழங்கால் மார்பை அழுத்த, மறுகால் முதுகுப்பக்கத்து சூழ்ச்சியைத் தடுத்து நிற்பதை அருகில் இருந்து பார்த்தவர்போல அவர் வருணிப்பது எந்த வஸ்தாதுக்கும் புரியும்; அந்தப் பிடி இன்றைக்கும் இருக்கிறது. ஆனால் புலவரின் மனம் பிடியில் நிற்கவில்லை. இளவரசனின் தந்தை தித்தன் மகனோடு பிணங்கியிருந்தான். அவன் மகிழ்ந்தாலும் மகிழாவிட்டாலும் இந்தக் காட்சியை அவன் பார்க்கவேண்டுமே என்று புலவர் ஏங்குகிறார். வென்றவனுக்கு ஊர் முழுக்க ஆரவாரித்தாலும், பார்க்கவேண்டிய ஒருவர் பார்க்கவில்லை என்றால் அந்த வெற்றி குறைபட்டதுதான். மற்போரைப் பாட வந்த புலவர் இதைக் கண்டுகொண்டார் என்பதில் எனக்கு இன்றும் வியப்புத் தீரவில்லை.

கரடி மனையில் அந்தத் தந்தையின் இடத்தில் வஸ்தாது இருக்கிறார். தசரா குஸ்தியின் பட்டங்கள் தசரா கேசரி, தசரா கண்டீரவா, தசரா குமார். பெண்களுக்குத் தசரா கிஷோரி. கேசரிக்கும் கண்டீரவத்துக்கும் சிங்கம் என்றே பொருள்; இரண்டாவதில் அந்த அரசனின் பெயரும் ஒலிக்கிறது. பட்டம் பெற்றவனுக்கு மைசூர்ப் பேட்டா கட்டி, மாலை போட்டு, தோளில் வெள்ளிக் கதாயுதத்தைச் சாத்துவார்கள். மேடையில் நடப்பது அது. அன்று இரவு அவன் தன் கரடி மனைக்குத் திரும்பியதும் நடப்பதையும் ஒருமுறை பார்க்கக் கிடைத்தது. தம்பட்டை முழக்கத்தோடு தெருவே கூடி வந்தது. அவன் வாசலில் செருப்பை விட்டுக் குனிந்து நுழைந்தான், மண்ணைத் தொட்டுக் கண்ணில் ஒற்றினான், கதாயுதத்தை அனுமார் படத்தின் முன் வைத்தான். தலையிலிருந்த பேட்டாவைக் கழற்றி வஸ்தாதின் தலையில் வைத்தான். கிழவர் ஒரு வார்த்தை பேசவில்லை. அன்று காலை இதே கூடத்திலிருந்து போய் மல்லாக்க விழுந்து தோற்றிருந்த பையன் ஒருவன் சுவரோரமாக நின்றான். கிழவர் அவனைக் கூப்பிட்டுத் தன் பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டார். பட்டுத்துணி பெற்ற விஜயநகர மல்லன் எனக்கு அப்போது நினைவுக்கு வந்தான்.

வடசென்னையின் சார்பட்டா பரம்பரையும் இடியப்ப நாயக்கர் பரம்பரையும் குத்துச்சண்டையில் செய்தது இதையேதான். கையுறை மாட்டி இறங்கியவன் ஒருவன். ஜெயித்ததும் தோற்றதும் பரம்பரை.

இந்த மரபு ஒரு கிளையாக நமக்கு வேறு வடிவத்திலும் வந்து சேர்ந்திருக்கிறது என்பதைச் சொல்லாமல் விடமுடியாது. நால்வடி கிருஷ்ணராஜ உடையாரின் ஆதரவில் திருமலை கிருஷ்ணமாச்சாரியார் 1933 முதல் ஜகன்மோகன் அரண்மனையில் யோகசாலை நடத்தினார். பின்னர் சென்னைக்கு வந்து, 1989இல் மறையும்வரை இங்கேயே கற்பித்தார். மைசூர் அரண்மனையின் உடற்பயிற்சிக் கலைகளுக்கும் அவர் வளர்த்த ஆசன முறைக்கும் உறவு உண்டு என்று ஆய்வாளர்கள் வாதிடுகிறார்கள். யோகம் உலகம் சுற்றியது. கூடப்பிறந்த குஸ்தி தெருவிலேயே நின்றுவிட்டது.

1971இல் மன்னர் மானியம் நின்றது. தசரா அரசு விழாவாகத் தொடர்ந்து குஸ்திக்கு மேடை கொடுத்தது. ஆனால் பயில்வானுக்கு வருஷம் முழுதும் பாலும் பாதாமும் கொடுக்க ஆளில்லை. பல கரடி மனைகள் பூட்டிக் கிடக்கின்றன. தேசியப் போட்டிக்கும் அரசு வேலை ஒதுக்கீட்டுக்கும் மெத்தைக் குஸ்திதான் கணக்கு என்பதால் பிள்ளைகள் மெத்தைக்குப் போகிறார்கள். அதில் தவறில்லை. மண்ணில் பழகிய கால் மெத்தையில் தடுமாறாது என்று வஸ்தாதுகள் சொல்வார்கள். பெண்களைக் குழிக்குள் விடாத பழைய வழக்கம் மட்டும் தளரவேண்டும். தசரா கிஷோரியைக் கொண்டாடும் ஊர் அவளுக்கு மண்ணையும் திறந்துவிடவேண்டும்.

வரும் தசராவுக்கு மைசூர் வருகிறவர்களிடம் ஒரு வேண்டுகோள். அரண்மனை விளக்கைக் கட்டாயம் பாருங்கள். ஒரு மாலையை மட்டும் ஒதுக்கி, அரண்மனையின் ஜயமார்த்தாண்ட வாசலுக்கு எதிரே உள்ள தொட்டகெரே மைதானத்துக்கு, சாஹுகார் சென்னையா குஸ்தி அகாடாவுக்கு வாருங்கள். படிக்கட்டில் உள்ளூர்க்காரர் பக்கத்தில் உட்காருங்கள். வென்றவனுக்குக் கை தட்டிவிட்டு, மண்ணை உதறிக்கொண்டு வெளியே போகிறானே மற்றவன், அவனுக்கும் தட்டுங்கள்.