டால்டா டப்பாவின் பூர்வகதை

பச்சை மரம் போட்ட மஞ்சள் டால்டா டப்பா பல வீடுகளில் நெடுங்காலம் வாழ்ந்தது. டால்டா தீர்ந்ததும் பருப்பு டப்பாவாகும். துருப்பிடித்தால் துளசித் தொட்டியாகும். அதற்குள் இருந்த பொருளின் பிறப்போ, பிரான்சில் ஒரு சோப்பு ஆராய்ச்சியில் தொடங்குகிறது.

1811-ல் சோப்பைப் பிரித்துப் பார்க்கத் தொடங்கிய பிரெஞ்சு வேதியியலாளர் ஷெவ்ரல், கொழுப்புக்குள் கொழுப்பு அமிலங்களும் கிளிசரினும் இருப்பதைக் கண்டார். முத்துப்போல் மின்னிய ஒன்றுக்கு, முத்தைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லிலிருந்து ‘மார்கரிக் அமிலம்’ என்று பெயர் வைத்தார்.

1869-ல் பிரெஞ்சுப் பேரரசர் மூன்றாம் நெப்போலியன் மலிவான வெண்ணெய் கேட்க, வேதியியலாளர் மேஜ்-மூரியே மாட்டுக் கொழுப்பில் ஒன்றைச் செய்து, அந்த முத்தின் பெயரையே சூட்டினார்: மார்கரின். 1871-ல் நெதர்லாந்தின் ஓஸ் ஊரைச் சேர்ந்த வெண்ணெய் வியாபாரி யூர்கன்ஸ் அந்தச் செய்முறையை வாங்கினார். அதே ஊரில் போட்டியாளரான வான் டென் பெர்க்கும் சும்மா இருக்கவில்லை. அவரும் மார்கரின் செய்ய இறங்கினார்.

மாட்டுக் கொழுப்புக்குப் பதில் தாவர எண்ணெய் போடலாமே? அது உறையாதே! நெய்யில் பெரும்பாலான கொழுப்பு அமிலச் சங்கிலிகள் நேரானவை. விறகுபோல் நெருங்கி அடுக்கிக்கொள்ளும். எண்ணெயில் இரட்டைப் பிணைப்புள்ள இடத்தில் சங்கிலி வளையும். கோணல் குச்சிகள் அடுக்குக்கு ஒத்துவராது. 1902-ல் ஜெர்மானியர் நார்மன் இதற்கு வழிசொல்லிக் காப்புரிமை பெற்றார்: நிக்கல் தூளோடு ஹைட்ரஜனைச் செலுத்தினால் இரட்டைப் பிணைப்பு நீங்கிக் கோணல் நிமிரும், எண்ணெய் உறையும். 1911-ல் அமெரிக்காவில் சோப்பும் மெழுகுவர்த்தியும் செய்த புராக்டர் அண்ட் கேம்பிள், பருத்திக்கொட்டை எண்ணெயை இப்படி உறையவைத்து ‘கிரிஸ்கோ’ என்று விற்றது.

இப்படி உறையவைத்த எண்ணெய் இந்தியாவுக்கு ‘வனஸ்பதி’யாக வந்தது. டச்சு நிறுவனமான ‘டாடா’வின் (Dada) பெயருக்கு நடுவே லீவர் நிறுவனம் ஒரு ‘ல்’ சேர்க்க, 1937-ல் டால்டா பிறந்தது. அதை நெய்யில் கலந்தால் எப்படிக் கண்டுபிடிப்பது? வனஸ்பதியில் 5 சதவீதம் நல்லெண்ணெய் சேர்க்க வேண்டும் என்று விதி வந்தது. சந்தேக நெய்யில் ஹைட்ரோகுளோரிக் அமிலமும் ஃபர்ஃபுராலும் விட்டுக் குலுக்கினால், அடியில் தேங்கும் அமிலம் ரோஜா நிறமாகும்; நல்லெண்ணெய் சாட்சி சொல்லிவிடும்.

இன்னொரு கலப்படத்துக்கு மட்டும் அப்படிச் சாட்சி இல்லை. ஹைட்ரஜன் அரைகுறையாகச் சேரும்போது, சில இரட்டைப் பிணைப்புகள் அப்படியே தங்கி, சங்கிலி மட்டும் நிமிர்ந்துவிடும். அதுதான் டிரான்ஸ் கொழுப்பு. 13 டிகிரியில் உருகும் ஒலியிக் அமிலம், இப்படி நிமிர்ந்தால் 45 டிகிரி வரை உருகாது. இது கெட்ட கொலஸ்ட்ராலைக் கூட்டி நல்லதைக் குறைக்கிறது என்று 1990-ல் ஆய்வாளர்கள் மென்சிங்கும் காட்டானும் காட்டினார்கள். அந்த ஆய்வு நடந்ததும் மார்கரின் வியாபாரம் தழைத்த அதே நெதர்லாந்தில்தான்.

2022 முதல் இந்தியாவில் எண்ணெய், கொழுப்புகளில் டிரான்ஸ் கொழுப்பு 2 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. வாங்கும் பாக்கெட்டைத் திருப்பி அந்த அளவைப் பாருங்கள். நெய்போல் உறைவதெல்லாம் நெய்யாகிவிடாது.