வண்டலூரில் பிறந்த வண்டி

முப்பத்தைந்து ஆண்டுகளுக்கு மேலாக நான் ஒரே காரை ஓட்டி வருகின்றேன். அதைக் காணும் மாணவர்கள், "ஐயா, இஃது எந்த நாட்டுக் கார்?" என்று கேட்பதுண்டு. "வண்டலூர்க் கார்" என்று விடை கூறுவேன். நான் வேடிக்கை பேசுவதாக எண்ணி அவர்கள் சிரிப்பார்கள். வண்டலூர் என்றால் அவர்களுக்கு மிருகக்காட்சிச் சாலையே நினைவுக்கு வரும். அவர்களைக் குறை கூறுவதற்கில்லை. பல்லவர் காலத்துக் கல்வெட்டைப் பற்றிப் பாடம் நடத்திய நாம், நம் தந்தையர் காலத்துத் தொழிற்சாலையைப் பற்றி அவர்களுக்கு ஒரு சொல்லும் சொன்னதில்லை.

காஞ்சிபுரத்திலிருந்து வாலாஜாபாத் சென்றால், அங்கிருந்து ஒரகடம், படப்பை வழியாக ஒரு சாலை வண்டலூர் வரையில் போகின்றது. நான் ஆசிரியனாகவும் பின்பு தலைமையாசிரியனாகவும் பணியாற்றிய பள்ளி அந்தச் சாலையை ஒட்டி இருந்தது. ஆகவே என் கார் காலைதோறும் தான் பிறந்த ஊரை நோக்கிச் சிறிது தூரம் சென்று, மாலையில் காஞ்சிக்குத் திரும்பி வந்தது.

நாடு விடுதலை பெற்ற மறு ஆண்டு, 1948-இல், ஸ்டாண்டர்டு மோட்டார் புராடக்ட்ஸ் ஆப் இந்தியா என்னும் கம்பெனி சென்னையில் தோன்றியது. இங்கிலாந்தில் கவென்ட்ரி நகரத்து ஸ்டாண்டர்டு மோட்டார் கம்பெனியும், சென்னை யூனியன் கம்பெனியும் சேர்ந்து அதைத் தொடங்கின. முதலில் வேன்கார்டு என்னும் காரின் உறுப்புக்கள் பெட்டி பெட்டியாகக் கப்பலில் வந்தன; இங்கே அவற்றைப் பூட்டி விற்றார்கள். இவ்வாறு பூட்டித் தரும் அயல்நாட்டுக் கம்பெனிகள் வேறு சிலவும் இந்நாட்டில் அப்போது இருந்தன. 1953-இல் சுங்கவரிக் கமிஷன் இத்தொழிலை ஆராய்ந்தது. உறுப்புக்களையும் படிப்படியாக இந்நாட்டிலேயே செய்ய முன்வருவோர் மட்டுமே நீடிக்கலாம் என்ற கொள்கை அதன்பின் உறுதியாயிற்று. ஜெனரல் மோட்டார்ஸும் போர்டும் வெளியேறின. கல்கத்தாவில் ஹிந்துஸ்தான், பம்பாயில் பிரீமியர், சென்னையில் ஸ்டாண்டர்டு என்று மூன்று கம்பெனிகளே கார் செய்வோராகப் பெரிதும் எஞ்சின. 1961-இல் சென்னைக் கம்பெனி ஹெரால்டு என்னும் காரைச் செய்யத் தொடங்கியது. என்னுடையது அந்த இனம்.

ஹெரால்டின் அமைப்பில் ஒரு விந்தை உண்டு. அதற்குக் காரணம் பொறியியல் அன்று, வியாபாரப் போட்டி. இங்கிலாந்தில் ஸ்டாண்டர்டு கம்பெனிக்குக் காரின் உடற்பகுதியைச் செய்து கொடுத்துவந்த பிஷர் அண்டு லட்லோ கம்பெனியை, போட்டியாளரான பிரிட்டிஷ் மோட்டார் கார்ப்பரேஷன் 1953-இல் விலைக்கு வாங்கிவிட்டது. அடிச்சட்டமும் உடலும் ஒன்றாக இணைந்த கார்கள் அப்போது பரவி வந்தன. அத்தகைய முழு உடலைச் செய்து தருவார் இன்மையால், ஸ்டாண்டர்டு கம்பெனியார் பழைய வழக்கத்துக்கே போனார்கள். அடியில் தனிச் சட்டம். அதன் மேல் பல இடங்களில் செய்த பகுதிகளைப் போல்ட்டு போட்டு முடுக்கிவிடுவது. மிச்செலாட்டி என்னும் இத்தாலியர் அதற்கு அழகிய உருவம் வகுத்தார். 1959-இல் அது டிரையம்ப் ஹெரால்டு என்ற பெயருடன் வெளிவந்தது. பெட்டியில் அடைத்து அனுப்பி வேற்று நாட்டில் பூட்டுவதற்கும் அந்த அமைப்பு ஏற்றதாக இருந்தது. பிற்காலத்தில் நம் சென்னைக் கம்பெனி அதற்கு நான்கு கதவுகள் வைத்தது. இங்கிலாந்தில் நான்கு கதவு ஹெரால்டு செய்யப்பட்டதே இல்லை.

எங்கோ நடந்த இந்தப் போட்டியின் பயனைக் காஞ்சிபுரத்தில் ஓர் ஆசிரியன் அனுபவித்தான். 1989-இல், கூட்டுறவுச் சங்கத்தில் கடன் பெற்று, 1969-ஆம் ஆண்டு ஹெரால்டு ஒன்றை வாங்கினேன். அப்போதே அதற்கு இருபது வயது. காலடித் தகடு துருவேறிப் போய், ஓட்டும்போது கீழே சாலை தெரிந்தது. மழை நாளில் செருப்பைக் கழற்றி மடியில் வைத்துக்கொள்வேன். அனுபவம் மிக்க ஒருவர், "முழுவதையும் பிரித்துப் போட்டு ஆறு மாதம் வேலை செய்தால்தான் சரிப்படும்" என்றார். அவர் சொன்னது உண்மையே. ஆனால் ஆறு மாதம் பள்ளிக்கு எதில் போவது? கடனையும் கட்டிக்கொண்டு அவ்வளவு பணத்துக்கு எங்கே போவது?

எங்கள் வீடு பிள்ளையார்பாளையத்தில் உள்ளது. என் தந்தையார் பட்டு நெய்தவர். பாவில் ஓர் இழை அறுந்தால் தறியையே கலைப்பாரில்லை. அந்த இழையை மட்டும் முடிந்துகொண்டு மேலே நெய்வார்கள். சிறு வயது முதல் அதைக் கண்டு வளர்ந்தவனாதலால், காரையும் அவ்வாறே நடத்தலாம் எனத் துணிந்தேன். கோயில் திருப்பணிகளும் எனக்கு ஊக்கம் தந்தன. திருப்பணி நடக்கும்போது பூசை நிற்பதில்லை. மூர்த்தியைப் பாலாலயத்தில் எழுந்தருளச் செய்து வழிபாட்டைத் தொடர்ந்து நடத்துவர். என் திருப்பணிக்குப் பாலாலயமாக இருந்தது ஒரு பழைய சைக்கிள். இந்த ஒப்புமையைப் பெரியோர் பொறுப்பாராக.

முதற் கோடை விடுமுறையில் பிரேக்கு. இரண்டாம் விடுமுறையில் காலடித் தகடு. டிங்கரிங் பட்டறையில் புதுத் தகடு வெட்டி அடித்துப் பூட்டினோம். பின்னர் மின்சாரக் கம்பிகள், ரேடியேட்டர், கதவுகள். போல்ட்டைக் கழற்றினால் ஒரு பகுதி தனியே வந்துவிடும். மற்றவை அப்படியே இருக்கும். முன்மூடியும் இரு மட்கார்டுகளும் சேர்ந்து ஒரே துண்டாக முன்புறம் சாயும். இயந்திரம் முழுவதும் கண்ணெதிரே நிற்கும். அதைத் திறந்தால் தெருப்பிள்ளைகள் கூடிவிடுவார்கள். அந்தக் கூட்டத்தில் நான் வகுப்பறையில் கற்பித்ததைவிட அதிகம் கற்பித்தேனோ என்ற ஐயம் எனக்கு உண்டு. இன்னொரு வசதியையும் சொல்ல வேண்டும். இந்தக் கார் இருபத்தைந்து அடி வட்டத்துக்குள் திரும்பிவிடும். காலையில் தெருவில் பாவு நீட்டியிருக்கும்போது, யாருக்கும் இடையூறின்றி வந்த வழியே திரும்ப இது பெரிதும் உதவியது.

ஒருமுறை பெரும் பிழை நேர்ந்தது. ஹெரால்டின் முன்சக்கரத்தைத் தாங்கும் எஃகுத் தண்டின் அடிமுனை, ட்ரனியன் என்னும் வெண்கல உறுப்பில் திருகாணி போல இறங்கியிருக்கும். அதற்கு இட வேண்டியது கியர் எண்ணெய், கிரீஸ் அன்று. கிரீஸ் கெட்டியானது, திருகின் இடுக்குகளில் இறங்காது. நாளடைவில் நீர் புகுந்து துரு பிடித்துத் தண்டு ஒடிந்துவிடும். மற்றக் கார்களுக்கெல்லாம் கிரீஸ் அடித்துப் பழகிய மெக்கானிக் ஒருவர் இதற்கும் கிரீஸே அடித்துவந்தார். நானும் கேட்கவில்லை. ஒரு நாள் மூங்கில் மண்டபத்தருகே திரும்பும்போது இடப்பக்கச் சக்கரம் மடிந்து கார் முழந்தாளிட்டதுபோல் நின்றது. மெதுவாகச் சென்றதால் எவருக்கும் தீங்கில்லை. மெக்கானிக் தலையில் கை வைத்துக்கொண்டு, "ஐயா, இதைச் சொல்லிக் கொடுக்க யாரும் இல்லீங்களே!" என்றார். அந்தச் சொல் என் மனத்தில் தைத்தது. தொழிற்சாலை இருந்திருந்தால் ஒரு கடிதம் எழுதிக் கேட்டிருக்கலாம்.

தொழிற்சாலையோ நான் கார் வாங்குவதற்கு முந்திய ஆண்டே, 1988-இல், மூடப்பட்டிருந்தது. ஹெரால்டுக்குப் பின் 1972-இல் அதே அடிப்படையில் கெஸல் என்னும் காரைச் செய்தார்கள். தனித்தனியே ஆடும் ஹெரால்டின் பின்சக்கர அமைப்பு நம் மெக்கானிக்குகளுக்குப் பிடிக்கவில்லை. ஆதலால் கெஸலில் நேரான அச்சு வைத்தார்கள். அது 1977 வரையில் சிறு தொகையாகவே வெளிவந்தது. 1985-இல் ஸ்டாண்டர்டு 2000 என்னும் பெரிய காரைக் கொண்டுவந்தனர். உடல் புதியது, இயந்திரமோ வேன்கார்டு காலத்தின் வழிவந்தது. என் கருத்தில், படிப்படியாகத் திருத்தி வந்திருக்க வேண்டிய இயந்திரத்தை விட்டுவிட்டு மேற்சட்டையை மட்டும் மாற்றியதே பிழை. விலையும் இரண்டு இலட்சத்துக்கு மேற்பட்டது. வாங்குவோர் மிகச் சிலர். மூடிய பிறகு பல ஆண்டுகள் கழித்து, 2006-இல் அதன் சொத்துக்கள் விற்கப்பட்டன. அவ்விடத்தில் இப்போது அலுவலகக் கட்டடங்களும் அடுக்குமாடி வீடுகளும் நிற்கின்றன.

அதே சாலையில் ஒரகடத்தில் 2010-இல் ரெனால்ட்-நிஸ்ஸான் தொழிற்சாலையும், 2012-இல் டைம்லர் லாரித் தொழிற்சாலையும் திறக்கப்பட்டன. என் மாணவர் சிலர் அங்கே வேலைக்குச் சேர்ந்தனர். அவர்களுள் ஒருவன் ஒரு விடுமுறையில் வந்து, ஹெரால்டின் அடியில் படுத்து எண்ணெய் இட்டுக் கொடுத்தான். எண்ணெய்தான், கிரீஸ் அன்று.

2021-இல் மத்திய அரசு பழம்பெருங் கார்களுக்கென விதிகள் வெளியிட்டது. ஐம்பது ஆண்டு கடந்து, பெரிய மாறுதலின்றி மூல வடிவத்தில் உள்ள வண்டிக்குச் சிறப்பு எண் உண்டு. கட்டணம் 20,000 ரூபாய். ஆனால் அதை அன்றாடப் போக்குவரத்துக்கு ஓட்டலாகாது. கண்காட்சிக்கும் அணிவகுப்புக்கும் கொண்டுசெல்லலாம். நண்பர்கள், "உன் கார் கௌரவம் பெறட்டுமே" என்று வற்புறுத்தினார்கள். எனக்கும் சபலம் தட்டியது. ஆயினும் யோசித்துப் பார்த்தேன். காஞ்சிபுரத்துப் பட்டறைகளில் அடித்த தகட்டை மூல வடிவம் என்று நான் எப்படிக் கையொப்பமிடுவேன்? நின்றுவிட்ட கார் துருப்பிடிக்கும் என்பதும் எனக்குத் தெரியும்.

2024-இல் பதிவு முடிந்தபோது, சாதாரண வண்டிகளின் வரிசையிலேயே நின்று, அப்போதைய கட்டணம் 5,000 ரூபாய் கட்டினேன். அலுவலர் பிரேக்கைச் சோதித்தார்; விளக்குகளைப் பார்த்தார்; குனிந்து காலடித் தகட்டைத் தட்டிப் பார்த்தார். 2029 வரையில் அனுமதி கிடைத்தது. எத்தனால் கலந்த பெட்ரோல் வந்த பிறகு பழைய ரப்பர்க் குழாய்கள் இளகத் தொடங்கியதால், சென்ற மாதம் அவற்றை மாற்றினேன். பின்புறத்து ஸ்பிரிங் பட்டை சற்றே தாழ்ந்திருக்கின்றது. மழைக்காலம் வருமுன் அதைக் கழற்ற வேண்டும். சைக்கிளுக்குக் காற்று அடித்து வைத்திருக்கின்றேன்.