எந்த மீனாட்சிபுரம்? வழிதவறும் மடல்களின் வரலாறு குறித்துச் சில குறிப்புகள்

பாலக்காடு மாவட்டம் சித்தூர் வட்டத்தில், பொள்ளாச்சிக்குச் செல்லும் வழியில், மாநில எல்லையை ஒட்டி ஒரு மீனாட்சிபுரம் உள்ளது. 1981-இல் மதமாற்றச் செய்தியால் நாடறிந்த மீனாட்சிபுரமோ தென்காசிப் பக்கத்தது. நாகர்கோவிலிலும் அப்பெயரில் ஒரு பகுதி உண்டு. ஊர்ப்பெயரை மட்டும் எழுதி அஞ்சற்பெட்டியில் இட்டால், பிரிப்பவர் அம்மடலை எந்தப் பையில் போடுவார்?

அதற்கான விடை 1972 ஆகஸ்ட் 15 அன்று வந்தது. ஆறிலக்கப் பின்கோடு முறையை வகுத்த ஸ்ரீராம் பிகாஜி வேலன்கர் ஒரு வடமொழி அறிஞரும்கூட. முதல் இலக்கமான 6 தமிழகத்துக்கும் கேரளத்துக்கும் பொது. எல்லை அடுத்த இலக்கங்களில்தான் புலப்படுகிறது. 678 பாலக்காடு, 627 திருநெல்வேலி வட்டாரம், 629 கன்னியாகுமரி.

மின்னஞ்சலும் இதே இடரைக் கடந்தே வந்தது. யூயூசிபி என்னும் பழைய முறையில், மடல் எந்தெந்தக் கணினி வழியாகச் செல்ல வேண்டும் என்பதை அனுப்புபவரே வியப்புக்குறியிட்டு வரிசையாக எழுத வேண்டும். இடையில் ஒரு கணினி விலகினால் மடல் நின்றுவிடும். ஒரே பெயரில் இரு கணினிகள் இருந்த குழப்பமும் உண்டு, அங்கும் மீனாட்சிபுரங்கள்! வழியறிந்தவர்க்கே அஞ்சல் என்ற அந்நிலை அநீதியானது என்பதே என் எண்ணம். 1986-இல் தொடங்கிய நம் எர்னெட் திட்டமும் தொடக்கத்தில் தொலைபேசி வழி யூயூசிபி மடல்களையே நம்பியிருந்தது.

அதே 1986 ஜனவரியில் கிரெய்க் பார்ட்ரிட்ஜ் எம்.எக்ஸ். பதிவுகளைக் கொண்டு மடலுக்கு வழி காணும் நெறியை எழுதினார். ஒரு முகவரிக்கான மடலை எந்த வழங்கிகள் ஏற்கும் என்பதைப் பெறும் தரப்பே எண்ணிட்டு அறிவிக்கும். சிறிய எண்ணுக்கே முன்னுரிமை. மாற்று வழங்கி ஒன்று மடலைப் பெற்றால், தன்னையும் தன் எண்ணுக்குச் சமமான, அதனினும் பெரிய எண்ணுள்ளவற்றையும் பட்டியலிலிருந்து நீக்கிவிட்டே மேலே அனுப்ப வேண்டும். இவ்விதி இல்லையேல், இரு வழங்கிகள் ஒரே மடலை மாறி மாறி எறிந்துகொண்டிருக்கும்.

வழிதவறிய மடலை ஆராய்பவர் இன்றும் முதலில் நோக்குவது அதன் தலைப்பகுதியையே. ஒவ்வொரு வழங்கியும் தன் பெயரையும் நேரத்தையும் மேலே ஒரு வரியாகச் சேர்ப்பதால், கீழிருந்து மேலாகப் படித்தல் வேண்டும். உறையின் பின்புறத்து அஞ்சல் முத்திரைகளைப் படிப்பது போன்ற வேலைதான் இது. இரு வரிகளுக்கிடையே நேரம் நீண்டிருந்தால் தாமதம் அங்கே; ஒரே பெயர்கள் மீண்டும் மீண்டும் வந்தால் சுழற்சி.

சேராத மடலைப் பற்றி அனுப்பியவருக்கு அறிக்கை போக வேண்டும் என்பது 1982-ஆம் ஆண்டின் எஸ்எம்டிபி நெறியிலேயே உள்ளது. அவ்வறிக்கையும் சுழலில் சிக்காதிருக்க, அதன் திரும்பும் முகவரியை வெறுமையாக விடலாம் என்றும் அந்நெறி கூறுகிறது. அனுப்புநர் முகவரியற்ற காகித மடலையாவது அஞ்சல் துறையின் திரும்பிய மடல் அலுவலகத்தில் பிரித்துப் பார்ப்பர். வெறுமையான முகவரியோடு சென்ற அறிக்கை சேராவிடில், அதைத் தேடுவார் எவருமில்லை.