ஒரு முகவரியும் பல இல்லங்களும்

கண்டி நகரின் கிழக்கே அமைந்த பல்லேகல, இன்று கைத்தொழிற் பேட்டையாலும் துடுப்பாட்ட அரங்காலும் அறியப்படுவது. 19ஆம் நூற்றாண்டிலோ அது தும்பறைப் பள்ளத்தாக்கின் பெருந்தோட்டங்களுள் ஒன்று; கோப்பியும் பின்னர் கொக்கோவும் அங்கு விளைந்தன. மலையகத் தோட்டங்களில் லயன் அறைகளுக்குத் தனி முகவரி இருந்ததில்லை. எவருக்கு வரும் கடிதமும் தோட்டத்தின் பெயருக்கே வந்து, தோட்டக் கந்தோரிற் பிரிக்கப்பட்டு, உரியவர் கையை அடைந்தது. சிலவேளை அடையாமலும் போயிற்று. நேர்முகத் தேர்வுக்கான அழைப்பு நாள் கடந்தபின் கிடைத்தது என்னும் முறைப்பாடு மலையகத்திற் புதியதன்று.

இன்று அதே பல்லேகலயில் பத்துக் கணினிகளைக் கொண்ட சிறு அலுவலகமொன்றும் பெரும்பாலும் ஒரே முகவரியுடனேயே இணையத்தின் முன் நிற்கிறது. இந்நிலை தோன்றிய வரலாறு நோக்கற்பாலது.

இணைய முகவரி 32 பிற்றுக்களால் ஆனது என 1981இல் வரையறுக்கப்பட்டது. அவ்வளவிற் பெறத்தக்க முகவரிகள் 429 கோடியே 49 இலட்சத்துக்குச் சற்று மேல். ஆய்வுகூடங்கள் சிலவற்றை இணைக்க முனைந்தோருக்கு இது வற்றாக் கடலாகவே தோன்றியிருக்கும். ஆயின் பத்தாண்டு கழியுமுன்னரே பற்றாக்குறை பற்றிய அச்சம் எழுந்தது. 1994 மே மாதத்தில் கெல் எகெவாங், போல் பிரான்சிஸ் என்னும் இருவர் முகவரி மாற்று முறையை ஆவணமாக வெளியிட்டனர். நீண்டகாலத் தீர்வு வரும்வரைக்குமான இடைக்கால ஏற்பாடாகவே அவர்கள் அதனை முன்வைத்தனர் என்பதும், முனைக்கு முனை முகவரி கொண்டிருந்த பொருளை அது குலைக்கும் எனத் தாமே ஒப்புக்கொண்டனர் என்பதும் மறக்கற்பாலனவல்ல. 1996 பெப்ரவரியில், உள்ளகப் பயனுக்கென ஒதுக்கப்பட்ட மூன்று முகவரித் தொகுதிகள் உறுதிசெய்யப்பட்டன. வீடுகளில் நாம் காணும் 192.168 என்னும் தொடக்கம் அவற்றுள் ஒன்றைச் சார்ந்தது.

சிறு வலையமைப்பில் இதனை நிறுவுதல் கடினமன்று. வழிப்படுத்தியின் ஒரு முகம் உள்நோக்கியும் மறுமுகம் வெளிநோக்கியும் அமையும். உள்ளிருந்து புறப்படும் தரவுப் பொதியின் அனுப்புநர் முகவரியை நீக்கித் தன் வெளிமுகவரியை அது இடுகிறது. எக்கணினிக்கு எத்துறை இலக்கம் வழங்கப்பட்டது என ஒரு பதிவேட்டிற் குறித்துக்கொள்கிறது. மறுமொழி வந்ததும் பதிவேட்டைப் பார்த்து உரியவரிடம் சேர்க்கிறது. தோட்டக் கந்தோர் செய்ததும் ஏறத்தாழ இதுவே. எனினும் ஒரு வேறுபாடுண்டு. கடிதத்தின் மேல் உரியவர் பெயர் இருந்தது. பொதியிலோ வெறும் இலக்கமே உண்டு. ஆகவே உள்ளிருப்பவர் முதலிற் பேசினாலன்றி, வெளியார் அவரை அழைக்க இயலாது. அலுவலகத்துள் ஒரு சேவையகத்தை வைத்து வெளியார்க்குத் திறந்துவிட விரும்பின், அதற்கெனக் குறித்ததொரு துறையைப் பதிவேட்டில் நிலையாக எழுதிவைத்தல் வேண்டும். இதனைப் பாதுகாப்பு எனப் போற்றுவாருமுளர். யான் அவ்வாறு கருதவில்லை. காவல் செய்வது தீச்சுவரின் தொழில், முகவரியின்மை காவலாகாது.

நீண்டகாலத் தீர்வாகிய 128 பிற்று முகவரி 1995 டிசம்பரிலேயே வகுக்கப்பட்டது. ஆயின் இடைக்கால ஏற்பாடு செவ்வனே இயங்கியமையால் அதனை ஏற்க எவரும் விரைந்திலர். 2011 பெப்ரவரி 3ஆந் திகதி உலகப் பொதுக் களஞ்சியத்தின் பழைய முகவரிகள் பகிர்ந்து முடிக்கப்பட்டன. அவ்வாண்டு ஏப்பிரலில், இலங்கையையும் உள்ளடக்கிய ஆசிய பசுபிக் பதிவகம் தன் இறுதித் தொகுதியை எட்டிற்று. 2012இல் சேவை வழங்குநர்களே தம் வாடிக்கையாளரை ஒரு முகவரியின் பின் நிறுத்துதற்கெனத் தனித் தொகுதியொன்று ஒதுக்கப்பட்டது.

இத்தகைய வழங்குநரிடம் இணைப்புப் பெற்ற இல்லத்தில் முகவரி இருமுறை மாறுகிறது. இல்லத்தவர் தம் பதிவேட்டில் எத்துறையை எழுதிவைத்தும் பயனில்லை. அடுத்த பதிவேடு அவர் கையில் இல்லை. தம் வாயிற் கமராவை வெளியூரிலிருந்து காண விழைவோர், பழைய முகவரி வழியே நேரே அதனை அடைய இயலாது, இடையே யாரோ ஒருவருடைய சேவையகத்தை நாட வேண்டியவராகின்றனர்.